மலையிலிருந்து கால்நடை மருத்துவப் படிப்புக்கு: நீலகிரி, பழனி மலைக் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண் போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமலே மஞ்சூரிலும் மன்னவனூரிலும் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் பலர் விண்ணப்பம் போடாமல் இருந்துவிடுகிறார்கள். தெரிந்து விண்ணப்பம் போட்டவர்களிலும் சிலர் சாதிச் சான்றிதழில் இருக்கும் ஒரு எழுத்துப் பிழையால் சீட்டை இழக்கிறார்கள். படிப்பது பிள்ளையின் வேலை. காகிதம், பணம், நேரம் இந்த மூன்றும் வீட்டாரின் வேலை. பத்தாம் வகுப்பு முடிந்ததிலிருந்து மருத்துவராகப் பதிவு செய்வது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

படிப்பும் கல்லூரிகளும்

பட்டத்தின் பெயர் பி.வி.எஸ்சி. ஏ.எச். மொத்தம் ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு வகுப்பு, கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். நடத்துவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். எல்லோரும் தானுவாஸ் என்றுதான் சொல்வார்கள். அதன் கீழ் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி என ஏழு ஊர்களில் கல்லூரி இருக்கிறது. வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. உடுமலையும் தேனியும் தலைவாசலும் அண்மையில் வந்தவை.

பழனி மலைக்காரர்களுக்கு இந்தப் புதிய கல்லூரிகள் பெரிய வசதி. கொடைக்கானலிலிருந்து பழனி பக்கம் இறங்கினால் உடுமலை, வத்தலக்குண்டு பக்கம் இறங்கினால் தேனி. நீலகிரிக்கும் உடுமலைதான் பக்கம். மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி வழியாக ஒரே பகலில் போய்ச் சேரலாம்.

கட்-ஆஃப்: எந்த மார்க்குக்கு எவ்வளவு எடை

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். உயிரியல் மார்க் அப்படியே 100-க்கு. இயற்பியலையும் வேதியியலையும் கூட்டிப் பாதியாக்கி இன்னொரு 100. உயிரியல் 96, இயற்பியல் 88, வேதியியல் 92 எடுத்த பிள்ளைக்கு 96-உடன் 90 சேர்ந்து 186. தமிழ், ஆங்கிலம், கணக்கு மார்க் இதில் வராது. தாவரவியல், விலங்கியல் என இரண்டையும் தனிப் பாடமாக எடுத்தவர்களுக்கு அந்த இரண்டின் சராசரியை உயிரியலாக எடுத்துக்கொள்வார்கள்.

உயிரியலில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒரு மார்க் போகும். இயற்பியலில் ஒரு மார்க் போனால் அரை மார்க்தான் போகும். ஆனால் மலைப் பள்ளிகளில் பிள்ளைகள் பயப்படுவது இயற்பியலுக்கு. இருக்கிற டியூஷன் நேரமெல்லாம் அதற்கே போய்விடுகிறது. ‘உயிரியல்தானே, படித்தால் வந்துவிடும்’ என்று விட்ட இடத்தில் நான்கு மார்க் கழன்றுவிடும். அதை ஈடுகட்ட இயற்பியலில் எட்டு மார்க் கூடுதலாக வேண்டும்.

இன்னொரு பொறி உயிரியல் வினாத்தாளிலேயே இருக்கிறது. 70 மார்க் எழுத்துத் தேர்வில் உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. மாட்டு டாக்டராகப் போகிற பிள்ளை விலங்கியலை விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தாவரவியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளும். வினாத்தாளுக்கு அந்த ஆசை தெரியாது. இரண்டு பதிவேடுகள், இரண்டு படப் பயிற்சிகள் என்று ஜூன் மாதத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மீதி 30 மார்க் பள்ளியிலேயே கிடைப்பது. மழைக்காலத்தில் பாதை அடைபட்டுப் பள்ளி போகாத நாட்கள் அகமதிப்பீட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பொதுப் போட்டியில் முன்வரிசையில் இருப்பவர்கள் 190-க்கு மேல் எடுத்தவர்கள். முந்தைய ஆண்டு ரேங்க் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் வகுப்பினரில் கடைசியாகச் சீட் கிடைத்தவரின் மார்க்கைப் பார்த்து, அதற்கு மேல் மூன்று மார்க் வைத்து இலக்கு போடுங்கள்.

பதினொன்றில் எந்த குரூப்

இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்தால் போதும். ஆனாலும் கணக்கோடு சேர்ந்த குரூப் கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. தானுவாஸிலேயே உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் என பி.டெக். படிப்புகள் உண்டு. அவற்றுக்குக் கணக்கு வேண்டும். கால்நடை மருத்துவம் அரை மார்க்கில் தவறிப்போனாலும் அந்தக் கதவு திறந்திருக்கும். கணக்கில் உண்மையிலேயே திணறுகிற பிள்ளையை மட்டும் இதற்காக வதைக்க வேண்டாம். கணக்குக்குப் போகும் நேரம் உயிரியலிலிருந்துதான் எடுக்கப்படும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் செய்யும் ஒரு காரியம் பின்னால் பெரிய இழப்பாக முடிகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் வந்த சட்டத்தால் கால்நடை மருத்துவத்துக்கும் அது கிடைத்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டது என்று பிள்ளையைக் கீழே மேட்டுப்பாளையத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த உரிமை அத்தோடு போயிற்று.

அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. மலையில் மிஷன் பள்ளிகள் அதிகம். ‘சம்பளம் அரசு கொடுக்கிறது, ஆகவே அரசுப் பள்ளி’ என்று நம்பிக்கொண்டு கடைசியில் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். உதவி பெறும் பள்ளியில் படித்த ஆண்டுகள் இந்த ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வராது. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நகராட்சிப் பள்ளி இவையெல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும்.

காகிதங்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கிக் கீழே சொல்பவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நின்றால் ஊரே அங்கே நிற்கும்.

முதலில் பெயர். பிறப்புச் சான்று, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பெயரையும் தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் தமிழ்த் தலைப்பெழுத்து, இன்னொன்றில் ஆங்கிலத் தலைப்பெழுத்து, மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதார் திருத்தம் எளிது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்து சாதிச் சான்று. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு அப்படி இல்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில்தான் தருவார்கள், விசாரணையும் நடக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், பளியர் குடும்பங்கள் இதற்கு ஓராண்டு முன்னதாகவே மனு கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை மனுவோடு இணைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு ஒரு விழுக்காடுதான். ஆனால் விண்ணப்பிப்பவர்களும் குறைவு என்பதால் மார்க் சுமாராக இருந்தாலும் போட்டுப் பார்க்கத் தயங்கவே கூடாது.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் நிறையப் பேர் படிக்கிறார்கள். தாத்தாவின் பழைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்து ஸ்கேன் செய்துவையுங்கள். பந்தலூர், கூடலூர் பக்கம் சில பிள்ளைகள் எல்லை தாண்டி வயநாட்டில் படிப்பார்கள். அவர்களுக்கு இருப்பிடச் சான்று கட்டாயம் வேண்டியிருக்கும்.

முதல் பட்டதாரி சான்று, வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் கிடைக்கும். அக்கா தொலைதூரக் கல்வியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான், மறைக்க வேண்டாம். வருமானச் சான்றைக் கடைசியாக, சேர்க்கை ஆண்டில் எடுத்தால் போதும், அது பழசானால் செல்லாது.

7.5 விழுக்காட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒரு ஊரில், மேல்நிலை வேறு ஊரில் என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் கையெழுத்து. பழைய பள்ளி பிள்ளை இல்லாமல் மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வெலிங்டன் பக்கம் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அதிகம். அவர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அப்படியே. இந்தச் சான்றுகளை அந்தந்தத் துறை தரும் படிவத்தில்தான் வாங்க வேண்டும். வெறும் கடிதம் செல்லாது.

நீட் எழுதலாமா

எழுதலாம், கட்டாயம் இல்லை. பல கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அவற்றை இந்திய கால்நடை மருத்துவ மன்றம் நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. புதுச்சேரியில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரிக்கும் நீட் வேண்டும். கூடலூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு ஆதாயம். வயநாடு பூக்கோட்டில் கேரளத்தின் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, உடுமலையைவிடப் பக்கம். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளை அங்கே நுழையும் வழி இந்த அகில இந்திய ஒதுக்கீடுதான்.

நீட் பயிற்சிக்காகக் கடன் வாங்கி ஓராண்டு கீழே அனுப்புவது இந்தப் படிப்பை மட்டும் குறி வைத்தவர்களுக்குத் தேவையில்லாத செலவு. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்து, படித்த அளவில் எழுதிவிட்டு வரட்டும். பொதுத் தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வுகளில் மூழ்கி, பலகுறி வினாவுக்குப் பழகிய பிள்ளை ஐந்து மார்க் வினாவை முழுசாக எழுத மறந்துவிடுகிறது. அந்த ஆபத்தையும் நினைவில் வையுங்கள்.

தொழுவத்தில் தொடங்கும் பயிற்சி

சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு இல்லை. மாட்டைத் தொட்ட அனுபவத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. ஆனாலும் இந்த வேலை பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதைச் சீட் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உண்ணி, சாணம், சீழ், நஞ்சுக்கொடி நாற்றம், இரவு இரண்டு மணிக்குக் கன்று ஈனும் மாடு: இவற்றின் நடுவில் நிற்க முடிகிறதா? நாய்க்குட்டி மேல் உள்ள பாசம் மட்டும் ஐந்தரை ஆண்டுக்குக் காணாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டு மாட்டை வாரத்தில் ஒருநாள், கறவைக்கு முன், அது அமைதியாக நிற்கும்போது பரிசோதித்து எழுதச் சொல்லுங்கள்.

வெப்பநிலை: பாதரச வெப்பமானியை உதறி 95-க்குக் கீழே இறக்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி ஆசனவாயில் மெல்லத் திருகியபடி முக்கால் பாகம் நுழைத்து இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். நுனி குடல் சுவரைத் தொட வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைவாகக் காட்டும், காய்ச்சல் இருந்தும் இல்லை என்று ஆகிவிடும். வெப்பமானியின் மறுமுனையில் நூல் கட்டி வால் மயிரோடு கிளிப் போட்டுக்கொண்டால் உள்ளே இழுத்துக்கொள்ளாது, கீழே விழுந்தும் உடையாது. பசுவுக்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு.

நாடி: வாலின் அடியில் இருந்து ஒரு சாண் கீழே, உட்புற நடுக்கோட்டில் இரண்டு விரல் வைத்தால் துடிப்பு தெரியும். மூச்சு: பின்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று விலாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 15 முதல் 30. அசைபோடும் வயிறு: இடப்பக்கப் பசிக்குழியில் கை முட்டியை அழுத்தி வைத்தால், இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை கை தானாக மேலே தள்ளப்படும். அது நின்றுவிட்டால் ஏதோ கோளாறு. நோட்டில் இதோடு அன்றைய பால் அளவு, சாணத்தின் தன்மை, தீவனம், பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி. பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150 என்பதை வைத்து ஈனும் தேதியைத் தானே கணக்கிட்டு, நடந்ததோடு ஒப்பிடட்டும்.

இரண்டாம் பாகம், மலைக்கே உரிய நோய்கள். மேய்ச்சலில் பெரணிச் செடியை நாள்பட தின்ற மாட்டுக்குச் சிறுநீர் சிவக்கும். அதன் நச்சு சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் உண்டாக்குவதே காரணம். உண்ணிச்செடி தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட வெள்ளைத்தோல் பகுதி வெந்து உரியும். காட்டுமாடு மேயும் இடத்திலேயே வீட்டு மாடும் மேய்வதால் கோமாரித் தடுப்பூசி ஏன் இங்கே தவறக்கூடாது என்பதும் விளங்கும். இவற்றைப் பார்த்த பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் நோய்க்குறியியல் பாடம் வெறும் மனப்பாடமாக இருக்காது.

பக்கத்து அரசு கால்நடை மருந்தக மருத்துவரிடம் அனுமதி கேட்டு, விடுமுறையில் வாரம் ஒருநாள் காலையில் போய் நிற்கலாம். ‘ஐயா, ஓரமா நின்னு பாத்துக்கறேன்’ என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மருந்து எடுத்துக் கொடுப்பது, மாட்டைப் பிடிப்பது, பதிவேடு எழுதுவது வரை சரி. ஊசி போடக் கூடாது. பார்க்க வேண்டிய வேறு இடங்களும் உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் தானுவாஸின் செம்மறி ஆராய்ச்சி நிலையம், அங்கே நீலகிரி இனச் செம்மறி வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். அங்கே ஆட்டோடு முயலும் உண்டு. பள்ளித் தலைமையாசிரியர் கடிதத்தோடு முன்னனுமதி கேட்டுப் போக வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் கறாராக இருங்கள். எச்சில் ஒழுக்கித் தின்னாமல் நிற்கும் மாட்டுக்குத் ‘தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு’ என்று வாய்க்குள் கைவிடுவது ஊரில் வழக்கம். வெறிநோய் மாட்டுக்கும் அதே அறிகுறிதான். கருச்சிதைந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொட்டால் புருசெல்லா கிருமி மனிதனுக்கு வரும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசியும் மாட்டை அறுக்கவே கூடாது, அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை. விலங்குகளோடு பழகப் போகிறவர்கள் வெறிநோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி. 1907 முதல் வெறிநோய்க்கு எதிராக வேலை செய்துவரும் பாஸ்டியர் நிறுவனம் குன்னூரிலேயே இருக்கிறது.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி அறிவிப்பு வரும். நாளிதழில் வரும்வரை காத்திருக்காமல் மே மாதத்திலிருந்து வாரம் இருமுறை பல்கலைக்கழக இணையதளத்தைப் பாருங்கள். விண்ணப்பம் முழுக்க இணையவழி. அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

மலையில் மழையும் மின்வெட்டும் சேர்ந்து வரும் பருவம் அது. கடைசி நாள் வரை விடாதீர்கள். பிரவுசிங் சென்டரில் போட்டால் அங்கே உள்ளவரின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிடக் கூடாது. ஓ.டி.பி.யும் கலந்தாய்வு அழைப்பும் அதற்குத்தான் போகும். வீட்டில் எப்போதும் சிக்னல் இருக்கும் எண் எது என்று யோசித்து அதைக் கொடுங்கள். கட்டணம் கட்டிய ரசீதையும் நிறைவு செய்த படிவத்தையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். 7.5 ஒதுக்கீட்டுக் கட்டத்தில் டிக் போட மறப்பது சாதாரணமாக நடக்கிற தவறு. சமர்ப்பிக்கும் முன் அதை மட்டும் இன்னொருவர் படித்துப் பார்க்கட்டும். பி.டெக். படிப்புக்குத் தனி விண்ணப்பம். வேளாண்மை, மீன்வளப் படிப்புகளுக்கும் அதே பருவத்தில் விண்ணப்பித்து வைத்தால் கலந்தாய்வில் பதற்றம் இருக்காது.

ரேங்க் பட்டியல் வந்ததும் கல்லூரி விருப்ப வரிசை. பெற்றோர் பெரும்பாலும் பக்கத்துக் கல்லூரியை முதலில் போடச் சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. மாணவன் கையால் பார்க்கும் நோயாளி விலங்குகளின் எண்ணிக்கைதான் மருத்துவரை உருவாக்குகிறது. வேப்பேரியில் நாய், பூனை சிகிச்சை ஏராளம். நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் கறவை மாடும். ஆக, இந்த இரண்டும் மேலே, பிறகு தூரத்தைப் பார்த்து மற்றவை. வீட்டில் நோயாளி இருக்கிறார், பிள்ளை மாதமொருமுறை வந்துபோக வேண்டும் என்றால் உடுமலையோ தேனியோ முதலில் இருப்பதில் தவறில்லை. எல்லாக் கல்லூரியையும் வரிசையில் சேருங்கள். ‘அவ்வளவு தூரம் வேண்டாம்’ என்று ஒன்றை விட்டுவிட்டுச் சீட்டே இல்லாமல் திரும்புவது வீண்.

‘மேனேஜ்மென்ட் கோட்டா வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளி மாநிலக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால் இந்திய கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு தொழில் செய்ய முடியாது.

பணம்

7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பெரிய செலவு இல்லை. மற்றவர்களுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காமல் விட்டால் இதில் எதுவும் வந்து சேராது.

கல்விக் கடன் எடுப்பதானால் வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நான்கு லட்சம் வரை மார்ஜின் தொகையோ (நாம் கையிலிருந்து போடும் பங்கு) சொத்துப் பிணையோ தேவையில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. மேலாளர் கேட்டால் பணிவாக அதைச் சுட்டிக்காட்டலாம். கல்லூரியில் போனஃபைடு சான்று வாங்கும்போது படிப்புக் காலம் ஐந்தரை ஆண்டு என்று, இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நாலரை என்று இருந்தால் பிள்ளை இன்டர்ன்ஷிப்பில் இருக்கும்போதே தவணை தொடங்கும் காலம் நெருங்கிவிடும்.

மெஸ் பில், பஸ், ரெக்கார்டு, ஜெராக்ஸ் இவற்றுக்கு மாதாமாதம் பணம் வேண்டும். பச்சைத் தேயிலை விலை எப்போது கவிழும் என்று யாருக்கும் தெரியாது, உருளையும் பூண்டும் அப்படியே. பால் பணம்தான் நிலையானது. நாளுக்கு 10 லிட்டர் ஊற்றினால், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,500. பாதியைத் தீவனத்துக்குக் கழித்தாலும் ஐயாயிரம் நிற்கும். ஆனால் மாடு ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டுமே. அதனால் இரண்டு மாடுகள் ஆறு மாத இடைவெளியில் ஈனும்படி சினை ஊசியைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்துகொண்டால் மெஸ் பில் எந்த மாதமும் நிற்காது. முதல் ஆண்டு கட்டணத்துக்காக ஓடும் கறவை மாட்டை விற்பது அடிமடியை அவிழ்ப்பதுபோல. அந்த இடத்துக்குக் கடன் வாங்குவதே மேல்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது: பிள்ளையின் உழைப்பு. காலையில் பால் கறந்து, புல் அறுத்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் பள்ளி போன பிள்ளை அது. பிளஸ் டூ ஆண்டில் டிசம்பரிலிருந்து தேர்வு முடியும்வரை அந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடியுங்கள். மாடு வைத்திருக்கும் சித்தப்பா வீட்டோடு முறை போட்டுக்கொள்ளலாம்.

முதலாண்டு

சேரும்போது வெள்ளை ஏப்ரன் இரண்டு, கம்பூட், டிசெக்ஷன் பாக்ஸ் வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், மேல் வகுப்புக்குப் போனதும் வாங்கினால் போதும். பாடப் புத்தகங்களைச் சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கலாம். நாமக்கல், நெல்லை வெயில் மலைப் பிள்ளைக்கு முதல் மாதம் தலைவலியும் வேர்க்குருவுமாகத்தான் இருக்கும். பருத்தி உடை, தண்ணீர், பொறுமை.

பலரும் தடுக்கி விழுவது அனாட்டமியில், அதாவது உடற்கூறியலில். எலும்பு எலும்பாகக் கையில் எடுத்து, அதன் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் லத்தீன் பெயர் சொல்ல வேண்டும். ஃபார்மலின் நெடியில் கண் எரியும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு வகுப்பே வேகமாக ஓடுவது போல இருக்கும். ரிசல்ட்டுக்கும் சேர்க்கைக்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று மாதத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியலின் ஆங்கில வழிப் புத்தகத்தை ஒருமுறை வாசித்துவிட்டால் இதில் பாதி குறையும். அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கம் ஒன்றுக்குப் பத்துச் சொல் என்று தமிழ்ச் சொல்லுக்கு நேரே எழுதி வைத்துப் பழகட்டும். வாய்மொழித் தேர்வான வைவாவில் ஆங்கிலம் தடுமாறினாலும் விடை தெரிந்தால் ஆசிரியர்கள் மார்க் போடுவார்கள். வாயைத் திறக்காமல் நிற்பதுதான் ஆபத்து.

தேர்ச்சிக்கு 50 விழுக்காடு வேண்டும். பள்ளியில் 35-க்குப் பழகிய கணக்கு இங்கே உதவாது. தவறினால் துணைத் தேர்வு. அதிலும் தவறினால் ஓராண்டு இழப்பு வரை போகும். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுத விட மாட்டார்கள். ஊர்த் திருவிழா, சொந்தத்தில் கல்யாணம், காது குத்து என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை வரச் சொல்லும் வீட்டாருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மேல்மலைக்கு வந்துபோக மூன்று நாள் ஆகும்.

பட்டத்துக்குப் பிறகு

இன்டர்ன்ஷிப் ஆண்டில் மாத உதவித்தொகை கிடைக்கும். அது முடிந்ததும் தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு இல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது. பட்டமளிப்பு விழா வரட்டும் என்று காத்திருக்காமல் தற்காலிகச் சான்றோடு உடனே விண்ணப்பிக்கலாம்.

வேலைகள் பல. அரசில் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது, ஆகவே இடையில் 1962 என்ற எண்ணில் இயங்கும் நடமாடும் கால்நடை ஊர்திகள், ஆவின், தீவன, மருந்து நிறுவனங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள் என்று சேர்கிறார்கள். ராணுவத்தில் கால்நடைப் படைப்பிரிவு இருக்கிறது. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வையும் எழுதலாம். மேற்படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்வு எழுதினால் உதவித்தொகையோடு இசத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வரை போகலாம்.

மலைப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கேட்டால் நான்கைந்து பேர் ‘யானை டாக்டர்’ என்பார்கள். தெப்பக்காடு யானை முகாமைப் பார்த்து வளர்ந்த ஆசை. வனத்துறையில் கால்நடை மருத்துவர் பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையில் ஏற்கெனவே இருப்பவர்களை அயல்பணியாக அனுப்புகிறார்கள். ஆகவே அந்த ஆசை உள்ளவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும்: இன்டர்ன்ஷிப்பில் வன விலங்குப் பிரிவுக்கான நாட்களை முழுசாகப் பயன்படுத்துவது, முதுநிலைப் படிப்பான எம்.வி.எஸ்சி.யில் வன உயிரினம் அல்லது அறுவை சிகிச்சை எடுப்பது, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போது வந்தாலும் எழுதத் தயாராக இருப்பது. அந்தத் தேர்வில் தேறிய பிறகு முதல் சில ஆண்டு பசுவும் ஆடும்தான். அயல்பணிக்கு விருப்பக் கடிதம் அதற்குப் பிறகு.